லினக்ஸுக்குள் போக மறுத்த தையல் மெஷின்

எங்கள் வீட்டு முன் அறையைப் பிடித்தே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் நான் சபதம் செய்தேன்.

"எங்கள் வீடு" என்றது ஒரு மரியாதைக்கு. எங்கள் ஊர் புக்கிட்டிங்கியில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணமான ஆண் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். அந்தப் பெட்டியும் சட்டை மாட்ட ஒரு ஆணியும்தான் அவனுடையவை. கல்யாணத்தன்று பெரியவர்கள் எனக்கு 'சுத்தான்' என்று பட்டம் கொடுத்தார்கள். இளவரசன் என்று அர்த்தம். எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். சாப்பிடப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆவுர் கூனிங் துணிச் சந்தையில் விசாரித்துப் பாருங்கள். மஸ்ருல் வருகிறான் என்றால் கடைக்காரர்கள் விலை அட்டையைக் குப்புறக் கவிழ்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட மதிப்பெண்ணுக்கே பேரம் பேசியவன் நான். அதோடு படிப்பு முடிந்தது. மிச்சத்தைச் சந்தை எனக்குக் கன்னத்தில் அறைந்து அறைந்து கற்றுக்கொடுத்தது. வெளியே புலி. வீட்டில், என் ஆணியில் ஈரத்துண்டு தொங்கினால்கூட யாருடையது என்று கேட்கத் தைரியம் கிடையாது.

முன் அறையில் வாடகைக்கு இருந்த பல் வைத்தியர் காலி செய்துவிட்டுப் போனார். தெருவைப் பார்த்த அறை. பெரிய ஜன்னல். அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று, அங்கே எம்பிராய்டரி மெஷின் போட நினைத்த நான். இன்னொன்று என் மனைவி யுஸ்னிதார். பெண்கள் தொழுகைக்குப் போர்த்தும் வெள்ளை அங்கியில் அவள் கையால் பூ வேலை செய்வாள். அந்த அறையில் ஒரு கடை போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"ஊசி நூலுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய அறை? அடுப்படியில உக்காந்து தெச்சா பூ மலராதா?" என்று கேட்டேன்.

"சரி உடா" என்றாள்.

எங்கள் ஊரில் கணவனை 'உடா' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனையும் அப்படித்தான். வெறும் "உடா" என்றால் பயமில்லை. "சரி உடா" என்றால்தான் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கு என்னவோ அது என் காதில் ஏறவில்லை.

வழக்கு அவளுடைய தாய்மாமன் டத்துக் மாமாவிடம் போனது. அந்தக் குடும்பத்தில் ஒரு கோழி முட்டை போடுவதென்றாலும் அவர் தலையசைக்க வேண்டும்.

"சுத்தான், நீ எம்பிராய்டரி மெஷின் வாங்கப் போறதாச் சொன்னே. வர்ற ஞாயித்துக்கிழமை நான் வருவேன். உன் மெஷின் என் கண்ணு முன்னால தெச்சா அறை உனக்கு. தெக்கலேன்னா யுஸ்ஸுக்கு" என்றார் அவர்.

"தெக்கலேன்னா அந்த மெஷினை அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுருவேன் மாமா!" என்றேன், நெஞ்சைத் தட்டி. அங்கே தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த யுஸ் ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பாயாக்கும்புவில் ஜாஸ்மான் என்று ஒரு மாட்டு வியாபாரி. இப்போது மாடோடு சேர்த்துப் பழைய மெஷின்களும் விற்கிறான். அங்கே விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. இருவரும் கைகோர்த்து, மேலே லுங்கிபோன்ற சாரத்தைப் போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தும் மடக்கியும் விலை பேச வேண்டும். மெஷினைச் சுற்றி வந்தேன். முதுகில் தட்டினேன். குனிந்து காலைப் பார்த்தேன். சாரத்துக்குள் கையை விட்டேன். ஜாஸ்மான் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, திடீரென்று இரண்டு விரலைச் சேர்த்துக் குறைத்தான். என் வாழ்நாளில் அவ்வளவு சுலபமாக எவனும் இறங்கியதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

முன் அறையில் மெஷினை இறக்கி, யுஸ்ஸின் கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி வயரால் இணைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஊசி அசையவில்லை. ஜாஸ்மானுக்குப் போன் போட்டேன்.

"யோவ், உன் மெஷின் செத்துப்போச்சு!"

"விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்ப மூச்சு இருக்கு. கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்கே?"

"விண்டோஸ். ஊரே அதைத்தானேய்யா போட்டிருக்கு?"

"அதான் சங்கதி. அந்த மெஷினை ஓட்டற ப்ரோகிராம், விண்டோஸுக்குப் பதிலா போடற லினக்ஸ்ல மட்டும்தான் ஓடும்."

"இதை விக்கும்போதே சொல்றதுக்கென்ன?"

"சாரத்துக்குள்ள கையை வெச்சுக்கிட்டு எப்படிய்யா சொல்றது? அதுக்குத்தானே ரெண்டு விரல் குறைச்சேன்!"

கொதித்துப் போனேன். ஆனால் மெஷினைத் திருப்பிக் கொண்டுபோனால் சந்தை முழுக்கச் சிரிக்கும்.

"சரி, அந்த லினக்ஸ் என்ன விலை?"

"இலவசம்."

"அதுல எவ்வளவு குறைப்பான்?"

 "உன் வீட்டுல படிச்சவங்க யாராவது இருந்தா போனைக் குடு" என்றான்.

வேறு வழியில்லாமல் யுஸ்ஸைக் கூப்பிட்டேன். விரல் மட்டும்தான் அவளுடையது, மூளை என்னுடையது என்பது ஏற்பாடு. ஜாஸ்மான் சொல்லச் சொல்ல நான் உரக்கத் திருப்பிச் சொல்வேன். அவள் தட்டுவாள். விண்டோஸை அழிக்க வேண்டாமாம். வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன வீடு கட்டுவதுபோல, விண்டோஸுக்குள் லினக்ஸைக் குடிவைக்கலாமாம். கண்ணுக்குத் தெரியாத வீடு. எனக்கு அது உடனே புரிந்தது. நான் இத்தனை வருஷமாக அப்படி ஒரு வீட்டில்தானே இருக்கிறேன்.

லினக்ஸ் வந்தது. கறுப்புத் திரை. யுஸ் ஏதோ தட்டினாள்.

"உடா, லினக்ஸ் கண்ணுக்கு மெஷின் தெரியல."

"கண்ணு முன்னால மலை மாதிரி நிக்குது, தெரியலயாமா? வயரைப் புடுங்கிச் சொருகு!"

சொருகினாள். தெரியவில்லை. வேறு ஓட்டையில் சொருகினாள். தெரியவில்லை. வயரை மாற்றினாள். நான் மேசையை உதைத்தேன். அப்போதும் தெரியவில்லை. கால் மட்டும் வீங்கியது. மறுபடி ஜாஸ்மான்.

"இங்க பாரு மஸ்ருல், யுஎஸ்பி சாமான் நம்ம ஊரு மாப்பிள்ளை மாதிரி. பொறந்த வீடு விண்டோஸ். 'எங்க பையனைக் கல்யாணத்துக்குக் குடுக்கத் தயார்'னு முதல்ல பொறந்த வீட்டுல அறிவிக்கணும். அப்புறம் பொண்ணு வீட்டுக்காரங்க, அதாவது லினக்ஸ், வந்து அழைச்சுக்கிட்டுப் போகணும். ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல இருக்க முடியாது. நீ கல்யாணம் ஆனப்புறம் உங்கம்மா வீட்டுல இருந்தியா?"

"தினம் காலையில காப்பி குடிக்கப் போவேன்."

"உன் மெஷினும் அப்படித்தான் போகுது போல."

பக்கத்தில் யுஸ் இருமினாள். சிரிப்பை இப்படி இருமலாக மாற்றுகிற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அறிவிக்கிறதை அட்மின்தான் செய்யணுமாம் உடா. வீட்டுக்குப் பெரியவங்க."

"செய். நான்தான் இந்த வீட்டுக்கு…"

"கம்ப்யூட்டர் என் பேர்ல இருக்கு. பாஸ்வேர்டு போடணும். கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா?"

என் மெஷினுக்காக என் மனைவியின் கம்ப்யூட்டர் முன்னால் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் பல் வைத்தியர் விட்டுப்போன பற்களின் படம். அத்தனையும் என்னைப் பார்த்து இளித்தன.

"அறிவிச்சாச்சு. ஆனா லினக்ஸ் வந்து கூப்பிட்டா கதவு திறக்க மாட்டேங்குது. நடுவுல ஃபயர்வால்னு ஒண்ணு நிக்குது. காவல்காரன்."

"அவனைத் தூக்கு! கதவு, ஜன்னல், கொல்லைப்புறம், எல்லாத்தையும் திற!"

"எல்லாருக்குமா? இந்த வீட்டு வைஃபைல இருக்கற எந்தக் கம்ப்யூட்டர் வந்து கேட்டாலும் மெஷினைத் தூக்கிக் குடுத்துருமே?"

"வேற எவன் வந்து கேக்கப் போறான்? திற!"

"சரி உடா."

மெஷின் கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் அந்த இரண்டு வார்த்தையையும் கவனிக்காமல் விட்டேன்.

லினக்ஸ் வந்து மெஷினை அழைத்துக்கொண்டு போனது. திரையில் மெஷினின் பெயரே வந்துவிட்டது. சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன். பெயர் மறைந்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"வயர் ஆடிருச்சு. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டான். வயர் விட்டுப்போய் ஒட்டினா விண்டோஸுக்குத்தான் திரும்பிப் போகும். மறுபடி நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும்."

"எத்தனை தடவை கூட்டிட்டு வர்றது?"

"நீங்க மேசையை விட்டு நாலடி தள்ளி நின்னா, இனிமே கூட்டிட்டு வர வேண்டியதில்ல."

தள்ளி நின்றேன். மெஷின் வந்தது. ப்ரோகிராமைத் திறந்தாள். ஒரு சிவப்பு வரி.

"இப்ப என்ன?"

"அனுமதி இல்லையாம்."

"வீட்டுக்குள்ள வந்துட்டான்ல? இன்னும் என்ன அனுமதி?"

"வீட்டுக்குள்ள வந்தாச்சு. ஆனா நம்ம பேரு அந்தக் குழுவுல இல்ல. அதனால தொட விடமாட்டேங்குது. குழுவுல பேரைச் சேத்துட்டு, வெளியே போயி மறுபடி உள்ள வரணும்."

இதையெல்லாம் அவள் எங்கே கற்றாள் என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அடுப்படியில் அவளுக்கு ஒரு பழைய லேப்டாப் உண்டு. சமையல் குறிப்புப் பார்க்க என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் திறந்தே இருந்தும் இரண்டு நாளாகக் குழம்பு ஒரே மாதிரி இருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மெஷின் கடகடவென்று ஓடி ஒரு சின்ன இலையைத் தைத்தது. பச்சை இலை. நரம்புகூட இருந்தது! அந்தத் துணியை அப்படியே கிழித்தெடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். நூல் கடை, பொத்தான் கடை, காப்பிக் கடை, ஒன்று விடவில்லை. "என் மெஷின். லினக்ஸ். உங்களுக்கெல்லாம் புரியாது" என்றேன். முன் அறைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று காப்பிக் கடையில் ஒரு விவாதமே நடந்தது. 'மஸ்ருல் மாளிகை' என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை டத்துக் மாமா வந்தார். கறுப்புத் தொப்பி, தோளில் சால்வை. முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முட்டை அடித்து நுரை பொங்கும் தேநீரை யுஸ் கொண்டுவந்து வைத்தாள்.

"நீயும் இங்கேயே இரு. இங்கிலீஷ்ல ஏதாவது வந்தா படிக்கணும்" என்று அவள் காதில் சொன்னேன்.

"ரெண்டாங் கறி அடுப்புல இருக்கு உடா. இப்ப விட்டா அடிப்புடிச்சிரும். நீங்கதான் எல்லாம் கத்துக்கிட்டீங்களே" என்று உள்ளே போய்விட்டாள்.

பரவாயில்லை. எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். அமுக்கினேன்.

சிவப்பு வரி.

மறுபடி அமுக்கினேன். மறுபடி சிவப்பு வரி. நேற்று வந்த வரி இல்லை. இது புதியது, நீளமானது. அதில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் மெஷினின் பெயர்.

"என்ன சுத்தான், ஓடுதா?"

"மெஷின் கொஞ்சம் சூடாகணும் மாமா."

சமையலறைப் பக்கம் திரும்பி, "யுஸ்! நீளமா ஒரு வரி வருது!" என்று கத்தினேன்.

"என்ன எழுத்துல ஆரம்பிக்குது?"

"சிவப்பு எழுத்துல!"

"கொஞ்சம் பொறுங்க உடா, தேங்காய்ப்பால் சுண்டுது."

வியர்த்துக் கொட்டியது. புக்கிட்டிங்கி குளிரில் வியர்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கும். மேசையை உதைக்கலாம் என்று கால் துடித்தது. அதன்மேல்தான் மாமாவின் தேநீர் இருந்தது. அறை போயிற்று. மாளிகை போயிற்று. நாளைக்குச் சந்தையில் தலை காட்ட முடியாது. மாமா தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்து, கைத்தடியை ஊன்றி எழுந்திருக்கப் போனார்.

அப்போது மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது.

கடகடகடவென்று ஊசி துணியில் பாய்ந்தது. நான் எதையும் தொடவில்லை. ஆனால் சந்தையில் வளர்ந்தவன். கைக்கு வந்ததை விடுவேனா?

"பாத்தீங்களா மாமா!"

மாமா உட்கார்ந்துவிட்டார். "நீ கையை வைக்கவே இல்லையே?"

"இது லினக்ஸ் மாமா! கையை வெச்சு ஓட்டறதெல்லாம் பழைய காலம்."

"யார் ஓட்டறா அப்ப?"

"நான்தான்! உள்ள இருக்கற ஒவ்வொரு நூலும் என் பேச்சைக் கேக்கும். நான் என்ன தெக்கச் சொன்னேனோ அதைத்தான் தெக்கும். என்னைக் கேக்காம இந்த ஊசி ஒரு தடவை குனியாது!"

"என்ன தெக்கச் சொன்னே?"

எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் நீல நூல். ஒரு காம்பு, மேலே இரண்டாகப் பிரிந்திருந்தது.

"கிளை மாமா. மரக்கிளை."

ஊசி நகர்ந்தது. அடுத்து ஒரு கிண்ணம்போல வந்தது.

"மொட்டு. இன்னும் விரியல."

அடுத்தது வளைந்து நெளிந்து வந்தது.

"கொடி. கிளையில கொடி சுத்துது, பாருங்க, எவ்வளவு நயம்!"

"எனக்கென்னவோ எழுத்து மாதிரி தெரியுதே" என்று மாமா சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவினார்.

நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒய், யூ, எஸ் என்று வரிசையாக நின்றன. என் கை மெதுவாக மெஷினின் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது. மாமா லபக்கென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பதை நெருங்குகிற மனிதருக்கு என்ன பிடி!

"நிறுத்தாதே. முழுசா முடியட்டும்."

முழுதாக முடிந்தது. சுற்றிலும் ஒரு பூ வளையம்கூட வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியைத் தூக்கிப் பிடித்து, நிதானமாக வாசித்தார்.

"யுஸ்னிதார் பூ வேலைக் கடை."

 மெஷின் லேசாக முனகிக்கொண்டிருந்தது. நானும்தான்.

"சுத்தான்" என்றார் மாமா. குரல் தழுதழுத்தது. "மெஷினை ஓட்டி அறையை ஜெயிச்சது நீ. ஜெயிச்ச கையோட பொண்டாட்டி பேரைத் தெச்சு என் கையில குடுத்துட்டே. இந்தக் குடும்பத்துக்கு எத்தனையோ மாப்பிள்ளைங்க வந்திருக்காங்க. உன்னைப்போல ஒருத்தன் வந்ததில்ல!"

எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் என்ன சொல்வது? இது நான் தைக்கச் சொன்னது இல்லை என்று சொன்னால் அறை போய்விடும். நான் ஓட்டவில்லை என்று சொன்னாலும் அறை போய்விடும். ஓட்டினேன் என்று சொன்னால், அறை அவளுக்குப் போனாலும் மானமாவது மிஞ்சும். "ஏதோ, என்னால முடிஞ்சது மாமா" என்றேன். என் குரலும் தழுதழுத்தது. அவர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு நேரே சமையலறைக்குப் பாய்ந்தேன். யுஸ் அடுப்பருகே ரெண்டாங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். தேங்காய் மூடிகளுக்குப் பக்கத்தில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது. அதிலும் அதே கறுப்புத் திரை.

"நீதானா?"

"என்ன உடா?"

"மெஷினை இங்கருந்து இழுத்தது நீதானா?"

"நான் எங்க இழுத்தேன்? மாப்பிள்ளை தயார்னு வீடு பூரா அறிவிச்சு, எல்லாக் கதவையும் திறக்கச் சொன்னது நீங்க. எந்த வீட்டு ஆள் முதல்ல போய்க் கூப்பிடறாங்களோ அவங்க பின்னாலதானே வருவான்? காலையிலயே போய்க் கூப்பிட்டுக்கிட்டேன்."

"அப்ப எனக்கு வந்த அந்தச் சிவப்பு வரி?"

"'வேறொருத்தர் வீட்டுல இருக்கார்'னு."

"அறை வேணும்னா மெஷினை ஓடவிடாம பண்ணிருந்தாலே போதுமே! அறை உனக்குத்தானே வந்திருக்கும்?"

"அறை வந்திருக்கும். மெஷின் பழைய இரும்புக்குப் போயிருக்கும். நல்ல மெஷின் உடா. நீங்க அருமையா பேரம் பேசி வாங்கியிருக்கீங்க."

"போறேன். இப்பவே மாமா பின்னால ஓடி உண்மையைச் சொல்லிட்டு வர்றேன்!"

"சொல்லுங்க. மெஷின் முன்னால கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன், அது தானா ஓடுச்சு, நான் கிளை, மொட்டு, கொடின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்னு சொல்லுங்க. அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாரு."

ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவள் கரண்டியில் ஒரு துண்டு ரெண்டாங் எடுத்து, ஊதி, என் வாயில் வைத்தாள். சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"கடைக்கு ஒரு ஆள் வேணும் உடா. நூல்காரன்கிட்ட விலை அடிச்சுப் பேசணும், வாங்க வர்றவங்ககிட்ட ஏத்திப் பேசணும். எனக்கு அதெல்லாம் வராது."

உள்ளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. பேரம்! இது என் களம். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"லாபத்துல பாதி."

"கடையே இன்னும் திறக்கல."

"கால்வாசி. மெஷின் என்னுது, ஞாபகம் வெச்சுக்கோ."

"வேற வீட்டுக்கு வந்தாச்சு."

"பத்துல ஒண்ணு. அதுக்குக் கீழே ஒரு இம்மி இறங்க மாட்டேன். எந்திரிச்சுப் போயிருவேன்."

"சரி, போங்க."

எழுந்தேன். நிலைப்படிவரை போனேன். சந்தையில் இந்த இடத்தில் எவனும் கூப்பிடுவான். இவள் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன்.

முடிவில், சந்தையையே நடுங்க வைத்த மஸ்ருல் விடாமல் மல்லுக்கட்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேசி முடித்தான். அதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.